டிற்றெக்ரரை எங்கே பூட்டுவது

1

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் எழுபத்தொன்பதாவது பிரிவு எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல் எழுதப்பட்டது. பொலிசார் வேகம் அளப்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி எதையும் பூட்டிய, ஏற்றிய, அல்லது உள்ளே வைத்திருக்கும் வாகனத்தை எவரும் வீதியில் ஓட்டக்கூடாது. கருவி வேலை செய்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று சட்டம் விசாரிப்பதில்லை. பொலிஸ்காரர் வாகனத்தை மறித்து, நீதிமன்றக் கட்டளை இல்லாமலே தேடலாம். அகப்பட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். திருப்பித் தரவேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான ஒரு பிரிவை என் சேவைக்காலம் முழுவதிலும் இலங்கையில் நான் படித்ததில்லை.

இந்தப் பிரிவுக்கு உரிய மரியாதை கொடுக்கப்பட்டிருந்தால், என் மனைவியின் தம்பி நேசன் சென்ற வைகாசியில் பஃபலோவில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவந்த றேடார் டிற்றெக்ரர் டொரொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் உள்ள என் வீட்டு வாசலுக்கு வந்திருக்காது. சவர்க்காரப் பெட்டி அளவு. முன்னால் கறுப்புக் கண்ணாடி. பொலிசாரின் அலை பட்டதும் லைற் எரிந்து கத்தத் தொடங்கும். நியூயோர்க் மாநிலத்தில் அதைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அது குற்றம்.

இதை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பொருளாதாரத் தடையில், சம்பூப் போத்தலில் அடைத்த பெற்றோலை இரண்டு சொட்டுத் தெளித்து ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்ப் புகையில் ஓடுகிற உங்களுக்கு, அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் போய்ப் பிடிபடாமல் இருப்பதற்கு ஒரு கருவி என்பது கொழுப்பெடுத்த கதையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எனக்கு அது வேறு காரணத்துக்காக எரிந்தது.

2

நான் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவன். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களில் பலர் என்னைக் கடந்துதான் வீதிக்கு வந்தார்கள். நேசனும் எழுபதுகளில் மோட்டார் சைக்கிள் சோதனைக்கு வந்தான். எட்டுப் போடும் இடத்தில் காலை ஊன்றினான். மச்சான் முறை என்று பாராமல் பெயிலாக்கினேன். வீட்டுக்கு வந்தபோது அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி பரமேசுவரி, சோற்றைப் போட்டுவிட்டுக் கறியை மறந்துவிட்டாள். ஞாபகமறதி மூன்று நாள் நீடித்தது.

கனடாவில் அந்தக் கணக்கு வேறுவிதமாகத் தீர்க்கப்பட்டது. இங்கே வந்த இரண்டாம் வருடம் நான் கார் ஓட்டும் சோதனைக்குப் போனேன். பக்கத்தில் இருந்து சோதித்தவ என் மகளின் வயதுடைய பிள்ளை. தடம் மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தேனே தவிரத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்கவில்லை என்று பெயிலாக்கினா. கண்ணாடி எதற்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அவவுக்கு விளக்கினேன். நானும் ஒரு பரிசோதகர் என்றும் சொன்னேன். "மிகவும் நல்லது" என்று சொல்லிக் கடுதாசியைக் கிழித்துத் தந்தா. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பஸ்ஸில் போகிறேன். டொரொன்ரோ பஸ்களைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் உண்டு.

நேசன் மார்க்கம் நகரில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். யூனியன்வில்லில் இரண்டு கார் நிற்கும் கராஜ் உள்ள வீடு. மனைவி கிடையாது, அது வேறு கதை. இந்த வசந்தத்தில், இளைப்பாறிய ஒரு வெள்ளைக்காரரிடம் நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். அதை மோட்டார் சைக்கிள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆறு சிலிண்டர். முன்னால் ஆள் உயரக் காற்றுத் தடுப்பு. இரண்டு பக்கமும் பின்னாலும் பூட்டுப்போட்ட பெட்டிகள். றேடியோ. பின்னுக்குப் போக றிவேர்ஸ் கியர். பின் ஆசனத்துக்கு முதுகு சாய ஒரு மெத்தை, கை வைக்க இரண்டு பிடிகள். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மேலதிகாரிக்குக்கூட அப்படி ஒரு கதிரை இருக்கவில்லை.

றிச்மண்ட் ஹில் கோவிலில் பூசை செய்வித்தார்கள். காருக்கு வைக்கிற வழக்கப்படி சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினார்கள். நாலு சக்கரத்துக்கு ஏற்பட்ட சம்பிரதாயத்தை இரண்டு சக்கரத்தில் செய்துபார்த்ததில், தேசிக்காய் வழுக்கி, வண்டி சரிந்து, ஐயரும் நானும் சுண்டலுக்கு நின்ற இரண்டு பேருமாகத் தாங்கிப் பிடித்தோம். பரமேசுவரி அதைச் சகுனமாக எடுக்கவில்லை. மீற்றர்களுக்கு மேலே, நட்டநடுவில், பித்தளைப் பிள்ளையார் ஒன்றை இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டினாள். பிறகு, கோவில் தரிப்பிடத்தை ஒருமுறை சுற்றிவர, தம்பிக்குப் பின்னால் ஏறி அந்தக் கதிரையில் இருந்தாள்.

நான் என் பொறாமையை அன்றைக்கே தரம் பிரித்துப் பார்த்தேன். அவனுடைய வீட்டில் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே புல் வெட்டுகிறவனும் அவன்தான். சம்பளத்திலும் இல்லை. அந்த வண்டியில் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தப் பின் ஆசனத்துக்கு ஈடாகவில்லை. ஆறு வருடமாகக் குளிருக்குக் காற்சட்டை போடச் சொல்லி மன்றாடியும் சேலையை விடாத மனிசி, அடுத்த வாரமே பழைய உடுப்புக் கடையில் காற்சட்டையும் தோல் ஜக்கற்றும் வாங்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஹெல்மெற் நாடாவைக் கட்டிப் பழகினாள்.

3

பரமேசுவரியின் தங்கை குடும்பம் மாரிகாலத்தில்தான் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது. அக்காவும் தம்பியுமாக மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்ப்பது என்று தீர்மானமாகிவிட்டது. பஸ்ஸில் போகலாமே, நானும் வரலாமே என்று சொல்லிப்பார்த்தேன்.

"பஸ்ஸில நீங்கள் யன்னல் பக்கம் இருப்பியள். நான் முன் சீற்றுக்காரன்ரை மொட்டையைப் பாத்துக்கொண்டு வரவேணும்" என்றாள்.

இந்தக் கோடையில் நெடுஞ்சாலையோரம் வான்களை நிறுத்தி, வேகமாகப் போகிறவர்களின் இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. நேசன் பஃபலோவுக்குப் போனது அதனால்தான். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வண்டியை என் வாசலில் நிறுத்தி, டிற்றெக்ரரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், இதை எங்க பூட்டுறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். உங்களை விட்டா ஆர் இருக்கினம்."

எழுபத்தொன்பதாம் பிரிவை ஒப்புவித்தேன்.

"அது தெரியும் அத்தான். பிடிபட்டா நான் பாக்கிறன். நான் கேட்டது எங்க பூட்டுறது எண்டு."

அந்த நிமிடத்தில் நான் உள்ளே போயிருக்கவேண்டும். ஆனால் பயணத்தையே நிறுத்த ஒரு வழி எனக்குத் தென்பட்டது. ஒரு விண்ணப்பத்தை நேரடியாக மறுத்தால் மேன்முறையீடு வரும். குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினால் விண்ணப்பகாரர் தானாகக் களைத்துப் போவார். என் காலத்தில் திணைக்களம் அப்படித்தான் நடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன்.

காற்றுத் தடுப்பில் உறிஞ்சிக் கிண்ணத்தால் ஒட்டலாம் என்றான். அது கண்ணாடி அல்ல, பிளாஸ்ரிக், வேகத்தில் வளையும். முதலாவது குழியில் சாமான் மடியில் விழும். விழாவிட்டாலும் எதிரே வருகிற பொலிசுக்கு நெற்றிப்பொட்டு மாதிரித் தெரியும். கைபிடியில் இறுக்கலாம் என்றான். கைபிடி திரும்ப அதுவும் திரும்பும், வளைவில் வீதியைப் பாராமல் வேலியைப் பார்க்கும், வயரும் இழுபடும். பக்கக் கண்ணாடியின் தண்டு? நடுக்கம். ஒரு வாரத்தில் உள்ளே உள்ளதெல்லாம் கழன்றுவிடும். பெற்றோல் தாங்கிக்கு மேலே கட்டும் பையில்? முன்னால் முழுக்க இரும்பு. அலை இரும்பைத் துளைக்காது. அதைவிட, அவன் வீதியை விட்டுத் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டும். பின் பெட்டியின் மூடியில்? முன்னால் இரண்டு உடம்பு மறைக்கும். பிடிபட்ட பிறகு கத்தும்.

"மீற்றருக்கு மேல, நடுவில?" என்றான் நேசன்.

உண்மையில் அதுதான் சரியான இடம். வீதி நேரே தெரியும், காற்றும் மழையும் படாது, கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். நான் பிள்ளையாரைக் காட்டினேன். பித்தளை. அவரை எடுக்கவேண்டும், அல்லது அவருக்குப் பின்னால் வைத்து அவர் மறைப்பதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

"பிள்ளையாரைத் தொடக்கூடாது" என்று வாசற்படியில் இருந்து பரமேசுவரியின் குரல் வந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்க பூட்டினாலும் இன்னொரு பிரச்சினை" என்றேன். "ஹெல்மெற்றும் காத்துச் சத்தமும். உது கத்துறது உனக்குக் கேக்காது."

நேசன் தலையைச் சொறிந்தான். "அப்ப அத்தான், மோட்டார் சைக்கிளில உதுக்கு இடமே இல்லை எண்டுறியள்."

"இல்லை."

நான் எழுந்து கை தட்டித் தூசியை உதறினேன். கோப்பு மூடப்பட்ட திருப்தி. அப்போது அவன் சொன்னான்:

"அப்ப அக்கா கையில வச்சிருக்கட்டும். பின் சீற் உயரம்தானே, என்ரை தோளுக்கு மேலால நேர பாக்கும். லைற் எரிஞ்சா தோளில ஒரு தட்டு. என்னக்கா?"

"ஓம், உது நல்லம்" என்றாள் பரமேசுவரி. "இடப்பக்கத் தோளில தட்டுறன்."

"அத்தான் அத்தான்தான்" என்றான் நேசன். "ஒவ்வொண்டா வெட்டி வெட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்திட்டார்."

அவன் நக்கலடிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. வெறும் பயணியாகப் போகவிருந்தவளைப் பயணத்துக்கு இன்றியமையாத ஆளாக ஆக்கி, அவன் தோளில் தட்டும் உத்தியோகத்தையும் கொடுத்து அனுப்பியது நான்.

4

அன்றைக்கு மத்தியானம் சமையலறையில் பரமேசுவரி அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன். நான் தம்பியோட போறது உங்களுக்கு விருப்பமோ, விருப்பமில்லையோ?"

"சட்டப்படி பாத்தா..."

"சட்டத்தை நான் கேக்கேல்லை. ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ. விருப்பமில்லையெண்டாலும் சொல்லுங்கோ. நான் சண்டை பிடிக்கமாட்டன்."

வாசகர்கள் நினைக்கலாம், நாற்பது வருடத்துக்குக் கிட்டக் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வதில் என்ன கஷ்டம் என்று. நானும் நினைத்தேன். ஆனால் வாய் சொன்னது வேறு.

"பின்னால இருக்கிறவ கையில வச்சிருந்தா அது வாகனம் காவினதாகுமோ, ஆள் காவினதாகுமோ எண்டு தெளிவில்லை. எழுத்தில கேட்டு எடுப்பம். மறுமொழி வரட்டும்."

அவள் திரும்பி அடுப்பைக் கூட்டினாள்.

காவினது, அதாவது சுமந்தது, வாகனம்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி எழுதினால் பதில் வர எவ்வளவு காலம் செல்லும் என்பதும் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்தத் தாமதத்தின் மறுகரையில் இருந்தவன் நான். இலையுதிர்காலம் வந்தால் வண்டி தார்ப்பாய்க்குக் கீழே போய்விடும். உரிய அலுவலகத்துக்கு ஆறு பந்தியில், பந்திகளுக்கு இலக்கமிட்டு, ஒரு கடிதம் எழுதினேன். முதலில் தொலைபேசியிலும் கேட்டுப்பார்த்தேன். "பிலியன்" என்ற சொல்லை நான் மூன்று தரம் எழுத்துக்கூட்டியும் மறுமுனையில் இருந்தவருக்கு விளங்கவில்லை. கடைசியில் "ஓ, பசெஞ்சர்" என்றார். முப்பது வருடம் நான் பாவித்த சொல்லுக்கு இங்கே ஆள் இல்லை.

மகள் சுமதி மிசிசாகாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். முதல் இரண்டு வசனம் தமிழ், பிறகு அவளுக்கு வசதியான பாஷை. கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பா, யூ ஆர் ஜெலஸ்" என்றாள்.

"நான் ஒரு தெளிவுபடுத்தலுக்கு எழுதியிருக்கிறன்."

"ஓகே அப்பா. பட் யூ ஆர் ஜெலஸ். அம்மாட்டைக் குடுங்கோ."

அம்மாவும் மகளும் ஹெல்மெற்றின் நிறத்தைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள்.

5

ஆடிமாதக் கடைசியில் நீண்ட வார இறுதி வந்தது. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பரமேசுவரி பையை அடுக்கினாள்.

"மறுமொழி வரேல்லையே" என்றேன்.

"அந்தச் சாமானை வச்சிட்டுப் போறம்" என்றாள். "அது இல்லாட்டி உங்கட பிரிவு எங்களுக்கு இல்லைத்தானே. தம்பியிட்டைச் சொல்லியிருக்கிறன், வேகமா ஓடினால் தலையில தட்டுவன் எண்டு."

சட்டத்தில் இதற்கு மறுப்பு இல்லை. நான் தேடிப்பார்த்தேன்.

சனி காலை அவர்கள் புறப்பட்டார்கள். டிற்றெக்ரர் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. வண்டி சந்தியில் திரும்பும்போது பரமேசுவரி கையைக் காட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருப்பவர் அசைந்தால் வண்டி தளம்பும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பாண் வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்ன அண்ணை, அக்கா பறந்திட்டாவாம்?"

"மொன்றியலுக்குப் போயிருக்கிறா."

"காலமை பெற்றோல் செற்றில கண்டனான். கறுப்பு ஜக்கற்றும் அதுவுமா. முதல்ல ஆரோ பொலிஸ் எண்டு நினைச்சன். நீங்கள் போகேல்லையோ?"

"அதில இரண்டு பேருக்குத்தான் இடம்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிப் பாணைப் பையில் போட்டார். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்த இரண்டு நாளும் நான் செய்தவற்றை எழுதினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. பருப்பு அடிப்பிடித்தது. வரைபடத்தில் கிங்ஸ்ரனையும் கோர்ன்வாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயப்பட்டிருந்தால் பெருமையாக எழுதியிருப்பேன். பயம் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது. அவளுக்கு அது பிடித்துவிடுமோ என்பது.

பிடித்துவிட்டது. திங்கள் பின்னேரம் வந்து இறங்கியவள், வெயிலில் கறுத்து, ஹெல்மெற் அழுத்திய தலைமயிரோடு, தங்கையின் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஆற்றோரமாகப் போகிற வீதியைப் பற்றிச் சொன்னாள். ஓரிடத்தில் நிறுத்திப் புளிச்சாதம் சாப்பிட்டார்களாம். ஒரு வெள்ளைக்காரச் சோடி, அவர்களும் பெரிய மோட்டார் சைக்கிள்காரர், வந்து கதைத்ததாம். இவளிடம் எத்தனை வருடமாகப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னீர்?"

"இண்டைக்குத்தான் துவங்கினது எண்டன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்து போய்க் குப்பையை வெளியில் வைத்தேன். குப்பை எடுக்கிற நாள் வியாழன்.

6

பள்ளிக்கூடங்கள் தொடங்கின. படம் பிடிக்கும் வான்கள் வீதிக்கு வந்தன. நேசன் டிற்றெக்ரரைப் பஃபலோவில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். அக்கா வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை என்று காரணம் சொன்னான். என் பிரிவைக் காரணமாகச் சொல்லவில்லை. இலை நிறம் மாறியதும் பீற்றர்பறோப் பக்கம் போவதாக அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் தபாற்பெட்டியைத் திறக்கப் போன பரமேசுவரி, அரசாங்க முத்திரை போட்ட நீள உறையோடு வந்தாள். உடைக்காமல் என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"உங்கட மறுமொழி வந்திட்டுது" என்றாள். "என்ரை மறுமொழி எங்கை?"

உறையை உடைத்தேன். ஒரே பந்தி. பயணியின் கையில் இருந்தாலும் வாகனம் காவுவதாகவே கொள்ளப்படும், பொறுப்பு ஓட்டுபவருடையது, வீதிப் பாதுகாப்பில் நான் காட்டும் அக்கறைக்கு நன்றி. கூடவே ஆசனப்பட்டி அணிவது பற்றி ஒரு துண்டுப்பிரசுரம். மோட்டார் சைக்கிளில் ஆசனப்பட்டி கிடையாது. வேறொரு நாளில் அதற்கும் ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

பரமேசுவரி கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"விருப்பமில்லை" என்றேன். "நீர் அவனுக்குப் பின்னால இருந்து போறதைப் பாக்க எனக்கு எரியுது. சட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"அவன் என்ரை தம்பி."

"தெரியும். அவனை நான் ஒருக்காலும் பாஸாக்கியிருக்கமாட்டன். அவன் உம்மை எங்கெங்கையோ எல்லாம் கூட்டிக்கொண்டு போறான். நான் பஸ் ரிக்கற் எடுத்துத் தாறன்."

அவள் துண்டுப்பிரசுரத்தை எடுத்து இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"இதைச் சொல்லத்தானே கேட்டனான்" என்றாள். பிறகு, "நான் வாற மாதம் பீற்றர்பறோவுக்குப் போவன். தெரியுமெல்லே" என்றாள்.

"தெரியும்."

"உங்களுக்கு எரியும் எண்டு தெரிஞ்சுகொண்டு போவன். ஆடியில தெரியாமல் போனனான். தெரியாமல் போறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

தேத்தண்ணி வைக்க எழுந்து போனாள். நான் பேனையை எடுத்து, பழக்கதோஷத்தில், கடிதத்தின் மூலையில் கிடைத்த திகதியை எழுதினேன். அதற்குக் கீழே, ஆனி மாதத்தில் சமையலறையில் கேட்கப்பட்ட மற்றக் கேள்விக்குப் பதில் கொடுக்கப்பட்ட திகதியையும் எழுதினேன். இரண்டும் ஒன்றுதான்: 1994 புரட்டாதி 23, வெள்ளிக்கிழமை.